பெட்டியில் ஏற்றியதும் ஏற்றாததும்: பூநகரியில் இருந்து ஒரு ட்ரக்டர் வரலாறு

வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர் அனுப்பும் படங்களில் இதைப் பாத்திருப்பீர்கள். ஒரு பிக்கப் வாகனம், அதற்குப் பின்னால கொழுவின ஒரு குட்டி வீடு. உள்ளுக்குள்ள கட்டில், அடுப்பு, மலசலகூடம் எல்லாம் இருக்கும். கரவன் என்று சொல்லுவினம். கோடை விடுமுறைக்கு கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் குடும்பம் குடும்பமாக இதை இழுத்துக்கொண்டு ஏரிக்கரைகளுக்குப் போவார்கள். கையால் கியர் மாத்துற பிக்கப் இவ்வளவு பாரத்தை இழுக்குமா, கிளச் தட்டு எரிஞ்சு போகாதா, பாரத்தை முன்னுக்கு ஏத்துவதா பின்னுக்கு ஏத்துவதா என்று அங்க பெரிய விவாதங்களே நடக்கும்.

வன்னியில் இந்தக் கேள்விகளுக்கு விடை தெரிஞ்ச ஆட்கள் ஊருக்கு ஊர் இருக்கினம். அவர்களும் ஒரு இயந்திரத்துக்குப் பின்னால வீட்டைக் கொழுவி இழுத்தவர்கள்தான். விடுமுறைக்கு இழுக்கவில்லை, அவ்வளவுதான்.

எங்கட இடப்பெயர்வு வரலாறு பெரும்பாலும் திகதிகளாலும் எண்ணிக்கைகளாலும் எழுதப்பட்டிருக்கு. எந்த ஊர் எந்த நாள் பிடிபட்டது, எத்தனை ஆயிரம் பேர் எங்க போனார்கள் என்ற மாதிரி. அது தேவைதான். ஆனால் அதே வரலாற்றை ஒரு ட்ரக்டர் பெட்டிக்குள்ள இருந்து பாத்தால் வேற ஒரு கேள்வி முன்னுக்கு வருது. பெட்டி யாரிட்ட இருந்தது? யாரிட்ட இல்லை?

முன்பாரம், பின்பாரம்

பூநகரியை வரைபடத்தில் பாருங்கள். வன்னிப் பெருநிலத்தில் இருந்து யாழ்ப்பாணக் கடல்நீரேரிக்குள்ள நீட்டிக்கொண்டு நிற்கிற நிலம். வடக்கே சங்குப்பிட்டிக்கு அங்கால தண்ணீர், அதைத் தாண்டினால் கேரதீவு, பிறகு தென்மராட்சி. தெற்கே முழங்காவில், வெள்ளாங்குளம் வழியாக மன்னாருக்குப் போகிற றோட்டு. கிழக்கே குடமுருட்டி தாண்டிப் பரந்தன். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் இங்க கோட்டை வைச்சிருந்ததுக்குக் காரணம் இந்த இருப்பிடம்தான். குடாநாட்டுக்குள்ள போகிற வரும் பொருளுக்கு இது ஒரு வாசல்.

அந்த வாசலால் போன முக்கியமான பொருள் நெல். மழையை நம்பி விதைக்கிற வயல்கள், மொட்டைக்கறுப்பன் என்ற சிவப்பரிசி. பூநகரி மொட்டைக்கறுப்பன் என்றால் யாழ்ப்பாணத்துச் சமையலறைகளில் இன்றைக்கும் ஒரு மரியாதை இருக்கு. மெசின் வரமுதல் அந்த நெல்லை மாட்டு வண்டில்தான் இழுத்தது. போருக்கு முன்னம் சங்குப்பிட்டிக்கும் கேரதீவுக்கும் இடையில 'பாதை' ஓடியது. இந்தியத் தமிழ் வாசகர்கள் குழம்பக் கூடாது: ஈழத்தில் பாதை என்றால் வாகனங்களை ஏத்தி நீரைக் கடக்கிற மிதவையும்தான்.

வண்டில் ஓட்டினவர்களுக்கு இரண்டு சொற்கள் முக்கியம்: முன்பாரம், பின்பாரம். வண்டிலுக்கு ஒரு அச்சுத்தான். சுமை அச்சுக்கு முன்னால கூடினால் மாட்டின் கழுத்தில அழுத்தும். பின்னால கூடினால் நுகம் மேல எழும்பி மாட்டின் கழுத்தை இறுக்கும். சரியான இடம் அச்சுக்குக் கொஞ்சம் முன்னால. இன்றைக்கு கரவன் இழுக்கிறவர்களுக்கான கையேடுகளும் இதையேதான் சொல்லுது: மொத்தப் பாரத்தில் 10 முதல் 15 வீதம் வரை கொழுவுகிற இடத்தில அழுத்த வேணும், குறைஞ்சால் பின்னால வாறது பாம்பு மாதிரி ஆடும். பௌதிகவியல் ஒன்றுதான், மாட்டுக்கும் ஹைலக்ஸுக்கும்.

லாண்ட் மாஸ்டர் என்ற பெயர்

வன்னியில் இரண்டு சில்லு உழவு இயந்திரத்தைக் கேட்டால் யாரும் அந்த நீளப் பெயரைச் சொல்ல மாட்டார்கள். லாண்ட் மாஸ்டர் என்பார்கள். அது ஒரு இங்கிலாந்துக் கம்பனியின் பெயர். அந்த இயந்திரம் இலங்கைக்கு வந்த பிறகு பெயர் ஒட்டிக்கொண்டது. பிறகு ஜப்பானின் குபோட்டா வந்தது, சீன மெசின்கள் வந்தன. பெயர் மட்டும் மாறவேயில்லை. சிங்களக் கிராமங்களிலும் இதே பெயர்தான். நாலு சில்லு ட்ரக்டர் என்றால் மசி பெர்கூசன். அதைப் 'பெரிய மெசின்' என்றும் சொல்லுவார்கள்.

1970களின் முதல் பாதியில் இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்தபோது மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை கிடைச்சது. வடக்கு விவசாயிகள் கையில காசு புழங்கின காலம் அது. 1977க்குப் பிறகு சந்தை திறந்துவிடப்பட்டது. விலை விழுந்தது, அதே நேரம் மெசின்கள் தாராளமாக வரத் தொடங்கின. ஒரு மெசின் வாங்கினவர் உழவுக்கு மட்டும் வாங்கவில்லை. உழவு வருசத்தில் சில கிழமைதான். மிச்ச நாளெல்லாம் பெட்டிதான் உழைச்சுக் கொடுத்தது. நெல் மூட்டை, விறகு, மணல், கல், கலியாண வீட்டுப் பந்தல் சாமான், கோயில் திருவிழாவுக்குப் போகிற சனம்.

பெட்டியோட லாண்ட் மாஸ்டர் ஓட்டுறது ஒரு தனிக் கலை. ஓட்டுறவர் பெட்டியின் முன்பக்கத்தில இருந்து நீளமான இரண்டு கைபிடிகளைப் பிடிச்சிருப்பார். திருப்புவதற்கு ஒவ்வொரு சில்லுக்கும் தனிக் கிளச் இருக்கும். இடப்பக்கம் திருப்ப வேணும் என்றால் இடக்கைக் கிளச்சை அமத்த வேணும். அந்தச் சில்லுக்கு இழுவை போகாது, மற்றது தள்ளும், மெசின் இடப்பக்கம் திரும்பும். இது மட்ட நிலத்தில. குளக்கட்டால இறங்கும்போது கதை தலைகீழ். பாரம் ஏத்தின பெட்டி பின்னால இருந்து தள்ளும், இயந்திரம்தான் அதைப் பிடிச்சு வைச்சிருக்கும். அந்த நேரம் இடக்கைக் கிளச்சை அமத்தினால் இடச்சில்லு கட்டுப்பாடில்லாமல் வேகமாக உருளும், மெசின் வலப்பக்கம் திரும்பும். இது தெரியாமல் கட்டால கீழ விழுந்த பெட்டிகள் உண்டு.

கியரும் அப்படித்தான். சேத்துக்குள்ள இறங்கமுதல் சின்னக் கியருக்கு மாத்த வேணும். இடையில மாத்தப் போனால் கிளச் பிடிச்ச அந்த ஒரு கணத்திலேயே சில்லு நிண்டுவிடும், பிறகு புதையும். அரைக் கிளச்சில் வைச்சு உறுமினால் தட்டு எரியும், மணம் வரும். இந்த அறிவுக்குப் பயிற்சி நிலையமோ சான்றிதழோ இல்லை. தகப்பனிடமும் தமையனிடமும் இருந்து வந்தது. 2008இல் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் உயிர் இந்த அறிவில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

மண்ணெண்ணெய்க் காலம்

அதுக்கு முதல் 1990கள். யுத்தம் திரும்பவும் தொடங்க, அரசாங்கம் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளுக்குப் பொருளாதாரத் தடை போட்டது. பெற்றோல், டீசல், சீமெந்து, இரும்பு, உரம், பற்றரி எல்லாம் தடைப் பட்டியலில். மோட்டார் சைக்கிள்களைப் பெற்றோல் சொட்டு விட்டு ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடின கதையை உங்கட வீட்டிலயும் கேட்டிருப்பீர்கள். உதிரிப்பாகம் வராத காலத்தில் ஊர் மெக்கானிக்மார் ஒரு மெசினின் பாகத்தை இன்னொன்றுக்குப் பொருத்தி வைச்சிருந்தார்கள்.

அந்தக் காலத்தில் ஆனையிறவிலும் பூநகரியிலும் இராணுவம் இருந்தது. அதனால் குடாநாட்டுக்கான இரண்டு வழிகளும் மூடப்பட்டன. மிஞ்சினது கிளாலிக் கடல்நீரேரி. இரவில் படகுகளில் கடந்து வன்னிக் கரைக்கு வந்தார்கள். கடற்படையின் தாக்குதல்களில் அந்த நீரில் செத்தவர்கள் பலர். கரைக்கு வந்த சனம் பரந்தன் பக்கம் போகக் கிடைச்சவற்றில் ட்ரக்டர் பெட்டியும் ஒன்று. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் முழுக்க எழும்பி நடந்தது. அதில் ஒரு பகுதியினர் பிறகு இதே கிளாலியால் வன்னிக்கு வந்தார்கள். இடப்பெயர்வும் பெட்டியும் சேர்ந்த காட்சி எங்கட நினைவில் பதிஞ்சது அப்பதான்.

2008: வீடு உருளத் தொடங்கியது

2008 ஜூலையில் விடத்தல்தீவு இராணுவத்திடம் போனது. ஓகஸ்டில் வெள்ளாங்குளம். நவம்பர் 15இல் பூநகரி. 2009 ஜனவரி 2இல் கிளிநொச்சி. இது திகதிகளின் வரலாறு. பெட்டியின் வரலாறு வேற மாதிரிப் போகும்.

முதல் முறை எழும்பினபோது சனம் வீட்டையே கழற்றி ஏத்தினது. கூரைத் தகரம், ஓடு, கதவு, நிலை, யன்னல், நெல் மூட்டை, தையல் மெசின், புத்தகங்கள், ஆடு, கோழிக்கூடு, மேல அம்மம்மா. இதைப் பேராசை என்று நினைக்காதீர்கள். போகிற இடத்தில திரும்பவும் ஒரு கூரை போட வேணும், திரும்பி வரும்போது பழைய வீட்டில எதுவும் இருக்காது என்று முந்தின இடப்பெயர்வுகள் கற்றுக்கொடுத்த கணக்கு அது. ஒரு பெட்டி போதாதவர்கள் இரண்டு மூன்று நடை ஓடினார்கள். ஒவ்வொரு நடைக்கும் டீசல் வேணும், டீசல் இல்லை.

நவம்பர் கடைசியில் நிஷா புயல் வந்தது. வன்னி வெள்ளத்தில் கிடந்தது. கிரவல் ஒழுங்கைகள் சேறானது. பெட்டி புதைஞ்சால் பாரத்தை இறக்க வேணும், இல்லாவிட்டால் இன்னொரு மெசினால் இழுக்க வேணும். எதை இறக்குவது என்ற முடிவு அங்கதான், றோட்டில, மழைக்குள்ள எடுக்கப்பட்டது. பரந்தனில் இருந்து தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு என்று கிழக்கே போகப் போக ஒவ்வொரு இடத்திலும் சுமை குறைஞ்சுகொண்டே போனது. முதல் தளபாடம், பிறகு ஓடு, பிறகு தகரம், பிறகு நெல். நிண்ட இடத்தில பெட்டிக்கு மேல தரப்பாள் கட்டினால் அதுதான் வீடு. பக்கத்தில் பங்கர். கடைசியில் மாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் காயப்பட்டவர்களை ஏத்தின வாகனமும் பெட்டிதான்.

ஐ.நா. நிபுணர் குழு 2011இல் வெளியிட்ட அறிக்கை சுமார் 330,000 பேர் அந்தச் சுருங்கின நிலத்துக்குள் சிக்கியிருந்ததாகச் சொல்கிறது. அரசாங்கம் அறிவித்த பாதுகாப்பு வலயங்களுக்குள் எறிகணை விழுந்ததையும், வெளியேற முயன்றவர்களைப் புலிகள் தடுத்ததையும் அதே அறிக்கை பதிவுசெய்கிறது.

நான் மேல கேட்ட கேள்விக்கு இப்ப வருகிறேன். அந்த 330,000 பேரும் ஒரே மாதிரி இடம்பெயரவில்லை. மெசின் வைச்சிருந்தவர் காணி உள்ளவர். காணி இல்லாத கூலிக் குடும்பங்கள், கடற்தொழில் செய்தவர்கள், மலையகத்தில் இருந்து வந்து குடியேறினவர்கள், புருசனை இழந்த பெண்கள் பலருக்குச் சொந்தப் பெட்டி இல்லை. அவர்கள் வாடகை கொடுக்க வேணும், இல்லையென்றால் தெரிஞ்சவரின் பெட்டியில் ஒரு மூலையைக் கேட்க வேணும், இல்லையென்றால் சைக்கிளும் நடையும். தாலிக்கொடி டீசலாக மாறின கதைகளும் இருக்கு, காசு வாங்காமல் முன்பின் தெரியாத சனத்தை ஏத்தின கதைகளும் இருக்கு. 'தமிழர்கள் இடம்பெயர்ந்தார்கள்' என்று ஒரே வசனத்தில் எழுதும்போது இந்த வித்தியாசம் முழுக்க அழிஞ்சு போகுது. சாதியும் வர்க்கமும் இடப்பெயர்வு தொடங்கின அன்றே கரைஞ்சு போகவில்லை. பெட்டியில் இடம் கேட்டவருக்கு அது தெரியும்.

துருவும் மணலும்

போர் முடிஞ்ச பிறகு முல்லைத்தீவுக் கரையோரத்தில் குவிஞ்சு கிடந்த வாகனங்களின் படங்களைப் பாத்திருப்பீர்கள். பஸ், மோட்டார் சைக்கிள், ட்ரக்டர் எல்லாம் எரிஞ்சும் துருப்பிடிச்சும். சனம் செட்டிகுளம் முகாம்களுக்குப் போனது, மெசின்கள் அங்க நிண்டன. ஒரு குடும்பத்தின் இருபது வருச உழைப்பு பழைய இரும்பு விலைக்குப் போனது.

மீள்குடியேற்றம் நடந்தபோது இந்திய அரசு வடக்கு விவசாயத்துக்கு 500 ட்ரக்டர்களைக் கொடுத்தது. அவை கமநல நிலையங்கள், கூட்டுறவுச் சங்கங்கள் வழியாக வந்தன. தனி ஆட்களுக்கு லீசிங் வந்தது. மாதக் கட்டுப்பணம் தவறினால் மெசினைக் கொண்டுபோவார்கள். 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டது, நீளம் 288 மீற்றர். முந்திப் பாதைக்குக் காத்து நிண்ட இடத்தை இப்ப பஸ் சில நொடிகளில் தாண்டுது. இன்றைக்குப் பத்திரிகையில் ட்ரக்டர் பெட்டி வருவதென்றால் அது மணல் கடத்தல் செய்தியில்தான். ஆற்று மணலும் கரையோர மணலும் வீடு கட்டப் போகுது. உருளுகிற வீடாக இருந்த பெட்டி இப்ப நிலத்தைத் தோண்டி ஏத்துது.

லாண்ட் மாஸ்டரைக் குளக்கட்டால இறக்கத் தெரிஞ்ச தலைமுறைக்கு இப்ப ஐம்பது, அறுபது வயது. அவர்களிடம் நாங்கள் வழக்கமாகக் கேட்பது, "எங்க இருந்து எங்க போனீங்கள்?" என்பதுதான். அதுக்கு அவர்கள் ஊர்ப் பெயர்களை வரிசையாகச் சொல்லிவிட்டு நிப்பாட்டுவார்கள், எங்களுக்கும் அது முதலே தெரியும். அடுத்த முறை இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "பெட்டியில என்ன ஏத்தினீங்கள்? முதல் எதை இறக்கினீங்கள்? யார் யார் ஏறினவை? இடம் கேட்டு நீங்கள் ஏத்தாமல் விட்ட ஆக்கள் இருக்கினமா?" கடைசிக் கேள்வியைக் கேட்க எனக்கும் தயக்கம்தான். ஆனால் அதையும் சேர்த்து எழுதாவிட்டால் எங்கட வரலாறு மெசின் வைச்சிருந்தவர்களின் வரலாறாக மட்டும் மிஞ்சும். கேட்டதை திகதியோட, ஊர்ப் பெயரோட எழுதி வையுங்கள். சொல்லக்கூடியவர்கள் இன்னும் பூநகரியிலும் முழங்காவிலிலும் இருக்கினம்.