ஆற்றோடு விட்ட துணி

பாபநாசம் படித்துறையில் தாமிரபரணியில் முழுகி எழுந்ததும் உடுத்தியிருந்த துணியை ஆற்றோடு விடுவது இன்று சடங்காகவே ஆகிவிட்டது. பரிகாரத்துக்கு வருகிறவர், திதி கொடுக்க வருகிறவர் மட்டுமல்ல, சும்மா குளிக்க வந்தவரும் விடுகிறார். கேட்டால், "தோஷம் துணியோட போயிரும்லா" என்கிறார்கள். முன்னால் வந்தவர் துணி படியில் கிடந்தால் பின்னால் வருகிறவர் கை தயங்குவதில்லை. இதுதான் முறை போலும் என்று எடுத்துக்கொள்கிறது மனசு. நாலு முழம் தள்ளிப் போனதும் துணி கண்ணுக்குத் தெரியாது. அதோடு நினைப்பும் போய்விடும்.

என் ஆச்சி காலத்தில் தீட்டுத் துணி வண்ணார் வீட்டுக்குப் போகும். பெரிய மனுஷியான பெண் உடுத்தியதும் அவர்களுக்குத்தான். துணியைக் கழிக்க வேண்டும் என்ற எண்ணம் பழையது; அன்று அதை வாங்கிக்கொள்ள ஒரு கை இருந்தது. அந்தக் கைகள்மேல் ஊர் ஏற்றிய இழிவு கொடியது. அவர்கள் பிள்ளைகள் படித்து அதை உதறியது முழு நியாயம். ஊர்தான் தன் தீட்டைத் தானே கையாளப் பழகாமல் ஆற்றிடம் நீட்டிவிட்டது என்று நினைக்கிறேன்.

துணியும் மாறிவிட்டது. 1880களில் ஹார்வி சகோதரர்கள் தாமிரபரணியை நம்பி இங்கே பஞ்சாலை தொடங்கினார்கள். அப்பாவுக்கு அந்த ஆலையில்தான் வேலை. பருத்தி தண்ணீரில் கிடந்தால் மட்கும் என்பது எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். பாலியஸ்டர் மட்காது. பாறை இடுக்கில் சிக்கிய ஒரு சேலையை இழுத்துப் பாருங்கள்: மடிப்புக்கு மடிப்பு மணல் ஏறிக் கனக்கும். முந்தானையை விடுவித்தால் அடியில் ஒரு வேட்டி, அதற்கும் கீழே யாருடையதோ பனியன். தொரட்டி போட்டுத்தான் எடுக்க முடியும்.

மேலே காரையாற்றில் சொரிமுத்து அய்யனார் கோயில். அதைச் சுற்றியுள்ள முண்டந்துறைக் காடு 1962இல் சரணாலயமானது, பக்கத்துக் களக்காடு 1976இல். 1988இல் இரண்டும் சேர்ந்து புலிகள் காப்பகம். ஆடி அமாவாசைக்குக் காட்டில் குடில் போட்டுத் தங்கும் வழக்கம் இதற்கெல்லாம் முந்தையது. அங்கே பட்டவராயர் என்ற சாமிக்குச் செருப்பைக் காணிக்கையாகக் கட்டுகிறார்கள். தொங்கும் செருப்பின் அடி தேய்ந்திருக்கும், சாமி இரவில் போட்டு நடக்கிறார் என்பது நம்பிக்கை. அந்தச் செருப்பை எவரும் ஆற்றில் வீச மாட்டார், அது சாமியின் சொத்து. அதைக் கட்டிய கையே கொஞ்சம் தள்ளிப்போய் ஈரச் சேலையை நீரில் விடுகிறது.

படித்துறையில் குப்பைத்தொட்டி வைத்துப் பயனில்லை. தோஷம் கழிக்க வந்தவருக்குக் குப்பைத்தொட்டியில் போட மனம் வராது. பாபநாசம் கோயில் வாசலிலேயே ஒரு பெரிய அண்டாவை வைத்து, "இங்கே கொடுத்தால் கழிந்தது" என்று அர்ச்சகர் வாயால் சொல்லி வாங்கட்டும். கொடுப்பார்கள்.