அவானியா தொட்டியும் பெங்களூரு அடுக்கும்

குஜராத்தின் பாவ்நகர் அருகே அவானியா கிராமத்தில், உப்புநீரை வெயிலால் குடிநீராக்கும் நிலையம் 1978-இல் அமைந்தது. அமைத்தது மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம். பரப்பு சுமார் 1,870 சதுர மீட்டர். திறன் நாளுக்கு 5,000 லிட்டர். வகுத்துப் பார்த்தால் சதுர மீட்டருக்கு மூன்று லிட்டர்கூடத் தேறாது.

கடலே இல்லாத பெங்களூருவில், இந்திய அறிவியல் கழகத்தின் சுஸ்மிதா தாஷ் குழு 2023-இல் அறிவித்த கருவியோ, அதே ஒரு சதுர மீட்டரில் அரைமணிக்கு ஒரு லிட்டர் தருகிறது.

இவ்வளவு வித்தியாசம் எப்படி? பழைய முறையில் கறுப்புத் தொட்டி நீர் முழுவதும் சூடேற வேண்டும். காலை வெயில் அதற்கே சரியாகிவிடும். எழும் ஆவி, சாய்ந்த மேல்கண்ணாடியின் உட்புறத்தில் படலமாகப் படிந்து, உள்ளே வரும் ஒளியையே தடுக்கும். அது விடும் வெப்பமும் வெளிக்காற்றோடு போய்விடும். பெங்களூருக் கருவியில் அலுமினியத் தகட்டில் செதுக்கிய நுண்ணிய பள்ளங்கள், விளக்குத்திரி எண்ணெய் இழுப்பதுபோல, கொஞ்சம் நீரை மட்டும் இழுத்துக்கொள்கின்றன. சூடாவது அந்தக் கொஞ்சம்தான். ஆவி குளிரும் பரப்பில் நீரை ஈர்க்கும் பட்டையும் விலக்கும் பட்டையும் மாறிமாறி வருவதால், துளிகள் தேங்காமல் நகர்ந்து அடுத்த துளிக்கு இடம் விடுகின்றன.

எனக்கு முக்கியமாகப் படுவது இக்கருவியின் அடுக்குமுறை. ஒரு லிட்டரை ஆவியாக்கச் சுமார் 640 வாட்-மணி வெப்பம் வேண்டும். உச்சிவெயில் சதுர மீட்டருக்கு ஒரு கிலோவாட் தருகிறது என்றால், மணிக்கு ஒன்றரை லிட்டரே எல்லை. அதைத் தாண்ட, பிரதிபலிப்பானால் கூடுதல் வெயிலைத் திருப்ப வேண்டும்; அல்லது ஆவி குளிரும்போது விடும் வெப்பத்தை அடுத்த தட்டுக்குக் கொடுக்க வேண்டும். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது இதற்காகத்தான்.

ஆனாலும் இரண்டு எண்களையும் ஒரே தராசில் வைப்பது நியாயமல்ல. ஒன்று ஊருக்குக் கட்டிய நிலையத்தின் நாள் கணக்கு. மற்றது ஆய்வுக் கருவியின் அரைமணிக் கணக்கு. கடல்நீர் லிட்டருக்கு 35 கிராம் உப்பை விட்டுச்செல்லும். தொட்டியில் தங்குவதை வடித்துக் கழுவிவிடலாம், கண்ணாடி உடைந்தால் உள்ளூர்க் கொத்தனாரே மாற்றுவார். நுண்பள்ளத்தில் உப்பு அடைத்தால், மேற்பூச்சு தேய்ந்தால் யார் சரிசெய்வது? நிலத்தடி உப்புநீருக்கும் கருவி உதவும் என்கிறது தாஷ் குழு; நிலத்தடி நீர் உவர்ப்பான ராமநாதபுரத்துக்கு அது பெரிய செய்தி. அங்கே ஒரு கோடைகாலம் முழுக்க, ஊர்க்காரர்கள் கையில் கொடுத்து ஓட்டிப் பார்க்க வேண்டும்.