இரட்டைத் துவக்கமும் வன்தட்டுப் பிரிவுகளும்

ஒரே கணினியில் இரண்டு இயங்குதளங்களை நிறுவி, கணினியைத் தொடங்கும்போது வேண்டியதைத் தேர்ந்தெடுக்கும் முறை இரட்டைத் துவக்கம் எனப்படும். இதற்கு வன்தட்டு தனித்தனிப் பிரிவுகளாகப் பிரிக்கப்படுகிறது.

தோற்றம்

1983 மார்ச்சில் ஐபிஎம் நிறுவனம் 10 மெகாபைட்டு வன்தட்டுடன் பிசி எக்ஸ்டி கணினியை வெளியிட்டது. அதற்கான டாஸ் 2.0 இயங்குதளத்தில் எஃப்டிஸ்க் என்னும் பிரிப்பு நிரல் இருந்தது. ஒரே தட்டை வெவ்வேறு இயங்குதளங்கள் பகிர்ந்துகொள்ள இம்முறை இடமளித்தது. தட்டின் முதல் 512 பைட்டுகளில் 446 துவக்க நிரலுக்கும், 64 பிரிவு அட்டவணைக்கும், 2 அடையாளக் குறிக்கும் ஒதுக்கப்பட்டன. ஒரு பிரிவின் விவரத்திற்கு 16 பைட்டுகள் தேவை. ஆகவே நான்கு முதன்மைப் பிரிவுகளுக்கு மட்டுமே இடம் இருந்தது.

ஒரே வாசல்

நான்கு குடித்தனங்கள் இருக்கலாம். ஆனால் வாசல் ஒன்றுதான். துவக்க நிரலுக்கு ஒரே இடம் என்பதால், லினக்சுக்குப் பின் விண்டோசை நிறுவினால் லினக்சின் துவக்க நிரல் அழிந்துவிடும். லினக்சின் கோப்புகள் தம் பிரிவில் அப்படியே இருந்தாலும், அவற்றை அடைய வழி இருக்காது. எனவே விண்டோசை முதலிலும் லினக்சை அடுத்தும் நிறுவும் வழக்கம் ஏற்பட்டது. லிலோ, 1995இல் தோன்றிய கிரப் ஆகிய துவக்க ஏற்றிகள் இரண்டையும் பட்டியலிட்டுப் பயனரிடம் தேர்வை விட்டன.

லினக்சின் வரலாற்றிலும் வன்தட்டுப் பிரிவுக்கு ஓர் இடமுண்டு. 1991இல் லினசு டோர்வால்ட்சு தம் கணினியில் மினிக்சு இயங்குதளத்தையும் வைத்திருந்தார். மோடத்திற்கு அனுப்ப வேண்டிய கட்டளையைத் தவறுதலாக வன்தட்டிற்கு அனுப்பியதால் மினிக்சுப் பிரிவு பழுதானது. அதை மீண்டும் நிறுவாமல், லினக்சையே அன்றாடப் பயன்பாட்டிற்கு ஏற்றதாக்க அவர் முடிவு செய்தார்.

புதிய அட்டவணை

பழைய அட்டவணை 32 பிட்டு எண்களைப் பயன்படுத்தியதால், 512 பைட்டுக் கூறுகள் கொண்ட தட்டுகளில் சுமார் 2 டெராபைட்டு வரையே கையாள முடிந்தது. அதன் இடத்தைப் பிடித்த ஜிபிடி அட்டவணை 64 பிட்டு எண்களைக் கொண்டது. வழக்கமாக 128 பிரிவுகளை ஏற்கும். அதன் நகல் தட்டின் இறுதியிலும் சேமிக்கப்படுகிறது. யுஇஎஃப்ஐ முறையில், துவக்கத்திற்கென உள்ள தனிப் பிரிவில் ஒவ்வோர் இயங்குதளமும் தன் துவக்க நிரலைத் தனிக் கோப்புறையில் வைத்துக்கொள்கிறது. இதனால் ஒன்றின் நிரலை மற்றொன்று அழிக்க வேண்டிய நிலை நீங்கியது.

எனினும் நகலெடுத்து வைக்கப்படுவது அட்டவணை மட்டுமே. பயனரின் கோப்புகள் அல்ல. தவறான பிரிவைத் தேர்ந்து வடிவமைத்தால் அதிலுள்ளவை இழக்கப்படலாம். ஆகவே, பிரிக்கத் தொடங்கும் முன் முக்கியக் கோப்புகளை வேறொரு தட்டில் நகலெடுத்து வைப்பது இன்றும் இன்றியமையாதது.