இட்டிகைக்கல்

உலகெங்கும் பூகர்ப்ப சாஸ்திரிகள் வழங்கிவரும் 'லாட்டரைட்' என்னும் பெயர் மலையாள நாட்டிலே பிறந்ததென்பதும், அதற்கு மூலம் தென்னாட்டுப் பாமர ஜனங்களின் வாய்ச்சொல்லே என்பதும் நம்மில் பலர் அறியாத செய்தி. 1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின், கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி பிரபுவின் ஆணைப்படி மைசூர், கன்னடம், மலையாளம் ஆகிய பிரதேசங்களைச் சுற்றிப் பார்த்துக் குறிப்பெழுதிய ஸ்காட்லாந்து வைத்தியர் பிரான்ஸிஸ் புக்கானன், 1800-ஆம் ஆண்டின் இறுதியில் மலையாள நாட்டு அங்காடிப்புரம் வந்தபோது, நிலத்தில் கிடக்கையில் இரும்புக் கருவிக்கு எளிதில் இணங்கி, வெட்டி வெளியே வைத்ததும் செங்கல்லைப்போல் இறுகி, மழைக்கும் காற்றுக்கும் அதனினும் நன்றாய்த் தாங்கி நிற்கும் செந்நிறக் கல்லைக் கண்டார். தென்னாட்டு மொழிகள் சிலவற்றில் அதற்கு 'இட்டிகைக்கல்' என்று பெயரென அறிந்து, செங்கல்லைக் குறிக்கும் 'லேட்டர்' என்னும் லத்தீன் சொல்லினின்றும் புதுப்பெயர் அமைத்து, 1807-இல் வெளியிட்ட தம் யாத்திரை நூலில் வழங்கினார்.

இட்டிகை, 'இஷ்டகா' என்னும் வடசொல்லின் திரிபு; அகநானூற்றிலேயே செங்கல் என்னும் பொருளில் பயில்கிறது. இதே கல்லை மலையாளத்தார், வெட்டியெடுக்கும் தொழிலை நோக்கி வெட்டுக்கல் என்றனர். தமிழர், நிறத்தை நோக்கிச் செம்புறைக்கல், செம்பூரான்கல் என்றனர். ஒவ்வொரு பெயரும் ஒரு லட்சணத்தைப் பற்றியே எழுந்தது.

இக்கல்லைப் பிற கற்களினின்றும் பிரித்தறியலாம். கருங்கல்லை உடைத்தால் கண்ணாடிபோல் மின்னும் மணிகளும் அப்பிரகத் துகளும் தென்படும். மணற்கல்லில் மணல் விரலுக்கு நெருடும். செம்புறைக்கல்லிலோ மின்னும் மணியும் இல்லை, படிந்த அடுக்கும் இல்லை. புழு அரித்தாற்போல் வளைந்தோடும் துவாரங்களும், அவற்றைச் சுற்றித் துருச்சிவப்பும், அவற்றினுள் மஞ்சளும் வெண்மையுமான களிமண்ணுமே காணப்படும். புதிதாய் வெட்டிய முகத்தில் அக்களிமண் நகம் பட்டாலே உதிரும். பழஞ்சுவரிலோ மழை அதைக் கழுவிப் போக்கிவிட, துவாரங்கள் வெறுமையாய் நிற்கும். வெயிலும் மழையும் மாறிமாறி வரும் உஷ்ணப் பிரதேசங்களில், பாறையிலுள்ள மணற்சத்தை நீர் நெடுங்காலம் கரைத்துக் கொண்டுபோக, இரும்பும் அலுமினியமும் எஞ்சி நிற்பதே இந்நிறத்திற்கும் வடிவிற்கும் காரணம். மலையாள நாட்டுப் பேக்கல் கோட்டையின் மதில்கள் இக்கல்லால் எழுந்தவையே.

கல்லின் குணத்தை அதை வெட்டுகிறவனே முதலில் அறிகிறான். சாஸ்திரம் அவனிடமிருந்தே இப்பெயரைப் பெற்றது. ஆதலின் நம் பிள்ளைகளுக்குப் பாறையியல் எழுதுவோர், கலைச்சொற்களைப் புதிதாய்ப் புனையுமுன் கல்லுடைப்போரையும் சிற்பிகளையும் அணுகி, அவர்கள் நாவில் வாழும் பெயர்களைக் கேட்டுத் தொகுத்தல் வேண்டும்.