கல்லீரல் இறுக்கத்தில் இரத்தப்போக்குக் கணிப்பு

சிரோசிஸ் எனப்படும் கல்லீரல் இறுக்கம் முற்றியவர்களில் யாருக்கு இரத்தம் கசியும் என்று முன்கூட்டியே மதிப்பிடும் முறை.

சேலத்தை அடுத்த ஆட்டையாம்பட்டி போன்ற ஊரில் இக்கசிவின் முதல் அடையாளம் பெரும்பாலும் வீட்டுக் கழிப்பறையில்தான் தெரியும்: தார்போல் கறுத்து, பிசுபிசுத்து, கடுநாற்றம் வீசும் மலம். உடம்புச் சூடு என்று ஒரு நாள் கடத்துவதும் ஆபத்து; உடனே 108ஐ அழைத்துச் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனை போன்ற பெரிய இடத்துக்குப் போய்விட வேண்டும்.

இறுகிய கல்லீரலுக்குள் இரத்தம் நுழைய முடியாமல் போர்ட்டல் சிரையில் அழுத்தம் ஏறுகிறது. அதனால் உணவுக்குழாய்ச் சிரைகள் புடைக்கின்றன. போர்ட்டல் சிரைக்கும் கல்லீரல் சிரைக்கும் இடையிலான அழுத்த வேறுபாடு 12 மி.மீ. பாதரசத்தைத் தொட்டால் அவை வெடிக்கலாம். இதை அளக்கும் வசதி அரிது, எண்டோஸ்கோப்பியே கைகொடுக்கிறது. வட இத்தாலிய எண்டோஸ்கோப்பிக் குழு 1988இல் வெளியிட்ட குறியீடு மூன்றைப் பார்க்கிறது: புடைப்பின் பருமன், அதன்மேல் சாட்டையடித் தழும்புபோல் ஓடும் சிவப்புக் கோடுகள், கல்லீரல் பாதிப்பின் தீவிரத்தைக் காட்டும் சைல்ட்-பியூ வகுப்பு. அபாயம் கூடியவருக்குக் கார்வெடிலால் மாத்திரையோ, புடைப்பில் ரப்பர் வளையமிடுதலோ தரப்படும்.

இரத்தத்தை உறையவைக்கும் புரதங்களின் குறைவை மட்டுமே காட்டும் ஐ.என்.ஆர். எண் இந்தக் கணிப்புக்கு நம்பத்தக்கதன்று. அது இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுவோருக்காக வகுத்த அளவுகோல். நோயுற்ற கல்லீரல் இரத்தத்தை உறையவைக்கும் புரதங்களோடு உறைதலைத் தடுப்பவற்றையும் குறைத்தே சுரக்கிறது. தராசின் இரு தட்டும் சேர்ந்தே இறங்குகின்றன. எண்ணைத் திருத்துவதற்காகப் பிளாஸ்மா ஏற்றினால் போர்ட்டல் அழுத்தம்தான் கூடும். உறைதல் முழுவதையும் வரைந்து காட்டும் திராம்போஎலாஸ்டோகிராபியை வைத்து டெல்லியில் நடந்த ஆய்வுகளில், இரத்தப் பொருள்கள் ஏற்றும் தேவை குறைந்தது.