கைநூற்புக் கம்பளி: தேர்வும் பதப்படுத்தலும்

செம்மறியாட்டின் உடலிலிருந்து கத்தரித்த மயிரைத் தக்ளியிலோ ராட்டையிலோ நூற்கும் பதத்துக்குக் கொண்டுவருவதற்கான வேலைகள் ஒரு நீண்ட தொடர். நல்ல மயிரைப் பார்த்து எடுத்தல், கழிவை ஒதுக்குதல், தரம் பிரித்தல், கழுவி உலர்த்துதல், கோதுதல், பன்னுதல் அல்லது சீவுதல் என்று அது போகும். இவற்றுள் முதலாவதே தலையானது. கழுவுவதிலோ பன்னுவதிலோ நேரும் பிழையைப் பெரும்பாலும் அடுத்த கட்டத்தில் ஓரளவு சரிசெய்துவிடலாம். தொட்டால் அறுந்துபோகும் மயிரை வாங்கிவிட்டால் அதற்குப் பின் செய்யும் எந்த வேலையும் அதைக் காப்பாற்றாது.

பருத்தியில் பழகிய கை கம்பளிக்கு வரும்போது இரண்டு இடங்களில் தடுமாறும். பருத்தி இழை பெரும்பாலும் 2 முதல் 3 செ.மீ. நீளமே உடையது. கம்பளி இழையோ ஆட்டின் இனத்துக்கு ஏற்ப 5 செ.மீ.யிலிருந்து 30 செ.மீ. வரை நீளும். ஆகவே நூற்கும்போது இரு கைகளுக்கும் இடையே விடும் தூரம் மாறவேண்டும். இரண்டாவது, தண்ணீர். பருத்தியில் கொட்டை நீக்கிப் பஞ்சைக் கொட்டினால் போதும். கம்பளி கொழுப்பும் வியர்வை உப்பும் மண்ணும் முள்ளுமாகவே வந்து சேரும். வேலையில் பாதி, தண்ணீரோடுதான்.

இழையின் இயல்பு

கம்பளி, கெரட்டின் என்னும் புரதம். நம் தலைமயிரும் நகமும் அதனால் ஆனவையே. இழையின் மேற்பரப்பில் கூரை ஓடு வேய்ந்தது போலச் செதில்கள் அடுக்கியிருக்கும். அவற்றின் விளிம்புகள் மயிரின் நுனியை நோக்கியிருக்கும். வேரிலிருந்து நுனிப்பக்கம் தடவினால் வழுக்கும் இழை, எதிர்த்திசையில் தடவினால் சொரசொரப்பதற்கு இதுவே காரணம். முறுக்கேறிய நூலில் இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ள இச்செதில்கள் உதவுகின்றன. சுடுநீரில் கசக்கினால் கம்பளி பிரிக்கமுடியாதபடி இறுகிக் கட்டியாவதும் இவற்றால்தான்.

இழையின் பருமனை மைக்ரான் கணக்கில் சொல்வார்கள். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். மெரினோ ஆட்டின் மயிர் ஏறத்தாழ 18 முதல் 24 மைக்ரான், கோரிடேல் 25 முதல் 31, ராம்னி 31 முதல் 38, லிங்கன் 40ஐ ஒட்டி. இதற்கு முந்தைய ஆங்கிலேய வணிக அளவு வேறு மாதிரியானது. ஒரு பவுண்டு சீவிய கம்பளியிலிருந்து 560 கெஜச் சிட்டங்கள் எத்தனை நூற்கமுடியும் என்பதே அந்தக் கணக்கு. இங்கிலாந்தின் கம்பளி நகரமான பிராட்ஃபோர்டின் பெயரால் அது வழங்கியது. மைக்ரான் ஆய்வுக்கூடத்தின் அளவு, பிராட்ஃபோர்டு எண் நூற்பவரின் அளவு.

கம்பளி குத்துகிறது என்பவர்கள் ஒவ்வாமை என்று நினைப்பதுண்டு. பெரும்பாலும் அது பருமனின் விளைவு. ஏறத்தாழ 30 மைக்ரானுக்கு மேற்பட்ட இழையின் முனை தோலில் பட்டதும் வளையாமல் நரம்பை அழுத்துகிறது. அத்தகைய இழைகள் நூறில் ஐந்துக்கு மேல் கலந்திருந்தாலே பலருக்கு அரிக்கும்.

எந்த ஆடு, எதற்கு

மென்மை ஒன்றையே அளவுகோலாகக் கொண்டு மெரினோவில் தொடங்குவது, புதிதாக நூற்பவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. மெரினோவில் கொழுப்பு மிகுதி. கழுவினால் எடையில் மூன்றிலொரு பங்கு முதல் பாதி வரை போய்விடும். செதில்கள் நெருக்கமானவை என்பதால் சற்றுக் கை தவறினாலும் இறுகிவிடும். நெளிவும் நெருக்கம், இழையும் மெல்லியது. பன்னும்போது அறுந்து சிறு முண்டுகளாகத் திரளும். கற்றை 8 முதல் 12 செ.மீ. நீளமுள்ள கோரிடேல், ராம்னி போன்றவை பழகும் கைக்கு நன்றாக இணங்கும்.

செய்யப்போகும் பொருளை முதலில் முடிவுசெய்துவிட்டு ஆட்டைத் தேடுவதே முறை. கழுத்தை ஒட்டி அணியும் சால்வைக்கு மெல்லிய மயிர் வேண்டும். காலடியில் கிடக்கும் விரிப்புக்கு லிங்கன் போன்ற நீளமான, பளபளப்பான, தேயாத மயிர். காலுறையை மெரினோவில் மட்டும் பின்னினால் குதிகால் சீக்கிரம் ஓட்டையாகும்.

ஓர் ஆட்டுக்குள்ளேயே பல தரம் இருக்கிறது என்பதை ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஷெட்லாந்துத் தீவுக்காரர்களைப் போல் பயன்படுத்திக்கொண்டவர்கள் குறைவு. அங்குள்ள ஆட்டின் மயிர் கோடைத் தொடக்கத்தில் தானே தளரும். கத்தரிக்காமல் கையாலேயே பறித்தெடுத்தார்கள். கழுத்துப் பகுதியின் மிக மெல்லிய மயிரைத் தனியே சேர்த்து நூற்று, மோதிரத்துக்குள் நுழைத்து உருவக்கூடிய பின்னல் சால்வைகளைச் செய்தார்கள். அந்தத் தீவுக்கூட்டத்தின் வடகோடியில் உள்ள அன்ஸ்ட் தீவு இதற்குப் பெயர் பெற்றது. ஐஸ்லாந்து ஆட்டுக்கு இரட்டைப் போர்வை உண்டு. வெளியே நீண்டு முரடாக மழையைத் தள்ளும் மயிர் 'தோக்'. உள்ளே குட்டையாக, வெதுவெதுப்பாக இருப்பது 'தெல்'. இரண்டையும் பிரித்து நூற்றால் ஒரே ஆட்டிலிருந்து கயிறும் கிடைக்கும், குழந்தையின் உள்சட்டையும் கிடைக்கும்.

மயிரைப் பார்த்து வாங்குதல்

கத்தரிப்பவர் தேர்ந்தவரானால் ஆட்டின் மயிர் முழுதும் ஒரே போர்வையாகக் கழன்று வரும். அதை விரித்து, தோள், விலா, தொடை என மூன்று இடங்களிலிருந்து ஒவ்வொரு கற்றை எடுத்துப் பார்க்கவேண்டும். மூன்றும் ஒன்றுபோல இருந்தால் நல்ல ஆடு. தொடை மயிர் மட்டும் சற்று முரடாக இருப்பது இயல்பு.

அடுத்து, சுண்டிப் பார்க்கும் சோதனை. பென்சில் அளவு தடிப்புள்ள கற்றையை இரு முனையிலும் பிடித்து, காதருகே வைத்து வெடுக்கென்று இழுக்கவேண்டும். கணீரென்று நாண் சுண்டிய ஒலி வந்தால் மயிர் திடம். நெருநெருவென்று பொரிவது போல ஒலித்தாலோ நடுவில் அறுந்தாலோ விட்டுவிடலாம். ஆடு காய்ச்சலில் விழுந்த வாரம், குட்டி ஈன்ற சமயம், மேய்ச்சல் வற்றிய மாதம் ஆகிய காலங்களில் வளரும் மயிர் மெலிந்துவிடும். எல்லா இழைகளும் ஒரே உயரத்தில் மெலிந்திருப்பதால் கற்றை முழுதும் ஒரே கோட்டில் அறும். ஓர் ஆட்டின் ஓராண்டு வாழ்க்கையை அதன் மயிரில் படிக்கலாம் என்பது வெறும் பேச்சன்று.

கண்ணால் காணவேண்டிய குறைகள் வேறு சில. கத்தரிக்கோல் ஒரே இடத்தில் இரண்டு முறை ஓடியதால் விழும் ஒரு செ.மீ. துணுக்குகள் நூலில் முண்டாகும். சாயம் ஏறாத, சுண்ணாம்பு போல வெளுத்த முரட்டு மயிர்கள் கலந்திருந்தால் அவை நூலிலிருந்து துருத்திக்கொண்டே இருக்கும். ஆட்டின் மேலேயே மயிர் கட்டிபட்டிருந்தால் பிரிக்க முயல்வது வீண் உழைப்பு. கழுவினாலும் போகாத ஒருவகை மஞ்சள் கறை உண்டு; சாயம் போடும் எண்ணமிருந்தால் அதைப் பொருட்படுத்தவேண்டாம். முள்ளும் விதையும் ஓரளவு இருக்கத்தான் செய்யும். கழுத்திலும் முதுகிலும் தவிடு கொட்டியதுபோல வைக்கோல் தூள் அடைந்திருந்தால் மட்டும், விலை எவ்வளவு மலிவானாலும் கைவிடுவது நல்லது.

கச்சா மயிர் தொற்றுக்கும் இடமாகலாம். 19ஆம் நூற்றாண்டு பிராட்ஃபோர்டில் இறக்குமதியான மொஹேர், அல்பாக்கா பொதிகளைப் பிரித்துத் தரம் பார்த்த தொழிலாளர்கள் மூச்சுத்திணறி ஓரிரு நாளில் மாண்டார்கள். 'கம்பளி பிரிப்போர் நோய்' எனப்பட்ட அது ஆந்த்ராக்ஸே என்று அந்நகர மருத்துவர் ஜான் ஹென்றி பெல், 1880ஐ ஒட்டிய ஆண்டுகளில் நிறுவினார். நலமான மந்தையின் மயிரில் அந்த அச்சம் இல்லை. ஆனாலும் காற்றோட்டமான இடத்தில் பிரிப்பதும், பிரித்தபின் கை கழுவுவதும் வழக்கமாகவேண்டும்.

ஒதுக்குதலும் பிரித்தலும்

போர்வையைக் கம்பிவலை போட்ட மேசைமேல், வெட்டிய பக்கம் கீழே இருக்க விரித்து உதறினால் துணுக்குகள் தாமே விழும். ஓரத்தைச் சுற்றிலும் சாணி ஒட்டியது, வயிற்றடி, கால்பக்கம் ஆகியவற்றைத் தாராளமாகக் கிள்ளி எறியவேண்டும். இதில் சிக்கனம் பார்ப்பது தவறு. எறிந்தது வீணும் அல்ல: செடியைச் சுற்றி மூடாக்காகப் போட்டால் ஈரம் காக்கும். மிஞ்சியதைத் தோள், விலா, முதுகு, தொடை எனப் பிரித்துத் தனித்தனிப் பைகளில் இடலாம். முதுகு மயிரின் நுனி வெயில்பட்டு நொய்ந்திருக்கும். கறுப்பு ஆடானால் அந்த நுனி செம்பட்டையாகும்.

கழுவுதல்

மயிரில் ஏறியிருப்பவை மூன்று. வியர்வை உப்பு பெரும்பாலும் பொட்டாசியம் சார்ந்தது, குளிர்ந்த நீரிலேயே கரையும். மண் அதனோடு சேர்ந்து இறங்கும். மூன்றாவது லனோலின், கொழுப்பு என்று பேச்சில் சொன்னாலும் உண்மையில் ஒரு மெழுகு. 40 டிகிரி செல்சியஸை ஒட்டி உருகுவதால் அதற்குச் சுடுநீரும் சோப்பும் வேண்டும்.

முதலில் மயிரை வலைப்பைகளில் தளர்வாக இட்டு இரவு முழுதும் குளிர்ந்த நீரில் ஊறவைத்தால் பாதி அழுக்கு இறங்கிவிடும். தேநீர் நிறத்தில் வரும் அந்தத் தண்ணீரைத் தோட்டத்துக்கு ஊற்றலாம். பிறகு 60 டிகிரி அளவுள்ள நீரில் திரவச் சோப்பைக் கலந்து, நுரை எழும்பாமல், பையை மெல்ல அமிழ்த்தி 15 முதல் 20 நிமிடம் விடவேண்டும். கிளறக்கூடாது, கசக்கக்கூடாது, மேலே குழாயைத் திறந்துவிடக்கூடாது. தண்ணீர் ஆறுவதற்குள் பையை எடுத்துவிடுவது மிக முக்கியம். ஆறினால் உருகிய மெழுகு மீண்டும் இழையின்மேல் படிந்து முன்னைவிடப் பிசுபிசுக்கும். அடுத்த தண்ணீரும் அதே சூட்டில் இருக்கவேண்டும். கம்பளியை இறுக்குவது சூடு மட்டுமல்ல; சூடு மாறும்போது கூடவே நேரும் அசைவுதான்.

கிணற்று நீர் கடினமாயிருந்தால் பழைய கட்டிச் சோப்பு சுண்ணாம்போடு சேர்ந்து திரிந்து இழையில் ஒட்டும். பாத்திரம் கழுவும் திரவம் அங்கே மேல். இமயமலைப் பகுதிகளில் பூந்திக்கொட்டையை ஊறவைத்து அந்த நுரையில் கம்பளியைக் கழுவுவார்கள். காரம் மிகுந்த சலவைத் தூள் கெரட்டினை அரிக்கும். புரதக் கறை நீக்கும் நொதி கலந்த தூள் கம்பளிப் புரதத்தையும் விட்டுவைக்காது. இங்கிலாந்தில் ஒருகாலத்தில் புளிக்கவைத்த மனிதச் சிறுநீரே கம்பளி கழுவும் பொருள். அதிலுள்ள அம்மோனியா மெழுகை இளக்கியது.

உலர்த்துவது நிழலில், வலைமேல் பரப்பி. தொட்டுப் பார்த்து ஏமாறக்கூடாது: தன் எடையில் 30 சதவீதம் வரை ஈரத்தை உறிஞ்சிக்கொண்டும் கம்பளி உலர்ந்ததுபோலவே இருக்கும்.

பன்னுதலும் சீவுதலும்

இங்கே நூற்பவருக்கு முன் இரண்டு வழிகள். வளைந்த கம்பிப் பற்கள் பதித்த இரண்டு பலகைகளுக்கிடையே மயிரை வைத்து, ஒன்றின்மேல் மற்றொன்றை லேசாக இழுத்துப் பன்னுவது ஒரு வழி. பற்கள் ஒன்றோடொன்று உரசும் ஓசை கேட்டால் கை அழுத்துகிறது என்று பொருள். மூன்று நான்கு முறை போதும். பின் சுருட்டி எடுத்தால் காற்றடைத்த திரி கிடைக்கும். இழைகள் குறுக்கும் நெடுக்குமாக இருப்பதால் நூல் உப்பலாக, வெதுவெதுப்பாக வரும். இது 'வூலன்' நூல். ட்வீட் துணி இதன் வழி வந்தது.

நீண்ட எஃகுப் பற்களுள்ள சீப்புகளால் சீவுவது மற்றொன்று. ஒரு சீப்பைக் கம்பத்தில் பொருத்தி, மற்றதால் இழுக்க இழுக்க இழைகள் ஒரே திசையில் படியும். குட்டை மயிர் பின்தங்கிக் கழிவாகும். இந்த நூல் வழவழப்பாக, பளபளப்பாக, தேயாமல் நிற்கும். 'வொர்ஸ்டெட்' என்ற அதன் பெயர் இங்கிலாந்தின் நார்ஃபோக் மாவட்டத்து வொர்ஸ்டெட் என்னும் சிற்றூரிலிருந்து வந்தது. அக்காலத்துச் சீவுவோர் சீப்பைக் கரியடுப்பில் காய்ச்சியே வேலை செய்தார்கள். சூட்டில் எண்ணெய் பரவி இழை இளகும். 8 செ.மீ.க்குக் குறைந்த மயிரைச் சீவுவதில் கழிவே மிகும் என்பதால் அதைப் பன்னுவதே நல்லது.

முழுவதும் மெழுகு போன மயிர் வறண்டு, கையில் ஒட்டிப் பறக்கும். சிறிது எண்ணெயும் நீரும் கலந்து தெளித்து ஓரிரவு மூடிவைத்தால் இணங்கிவரும். நூற்றுச் சிட்டமாக்கியபின் கழுவும்போது எண்ணெய் போய்விடும்.

வைப்பு

கழுவாத மயிரை ஓராண்டுக்கு மேல் வைத்தால் மெழுகு இறுகி மஞ்சளாகும். அந்துப்பூச்சி விரும்புவது அழுக்கு மயிரையே. கழுவி, துணிப்பையில் இட்டு, அவ்வப்போது வெளியே எடுத்து உதறுவது அந்துருண்டையைவிட நம்பகமானது.

தென்னிந்தியாவில்

தமிழ்நாட்டில் மயிருக்காகப் பேசப்படும் செம்மறி இனங்கள் சிலவே. கோவைக் குறும்பை, திருச்சிக் கருங்குறும்பை இரண்டுக்கும் முரட்டு மயிர். நீலகிரி ஆடு மட்டும் விதிவிலக்கு. 19ஆம் நூற்றாண்டில் உள்ளூர் ஆட்டோடு மெரினோ, செவியட், சவுத்டவுன் கலந்து உருவான இந்த இனத்தின் மயிர் ஏறத்தாழ 27 மைக்ரான், சால்வைக்கும் ஆகும். உதகைக்கு அருகே சாண்டிநல்லாவில் உள்ள கால்நடைப் பல்கலைக்கழகத்தின் செம்மறி ஆராய்ச்சி நிலையம் இதைப் பேணிவருகிறது.

மேலே சொன்ன பல விதிகள் தக்காண மேட்டுநிலத்தில் செல்லா. கர்நாடகத்துக் குருபர், மராட்டியத் தங்கர் போன்ற மேய்ப்பர் சமூகங்கள் வளர்க்கும் தக்காணி ஆட்டின் மயிர் குட்டை, முரடு, பெரும்பாலும் கறுப்பு. கத்தரிப்பதற்கு முன் ஆட்டையே நீர்நிலையில் இறக்கிக் குளிப்பாட்டிவிடுவதால் சுடுநீர்க் கழுவல் இல்லை. பலகையும் சீப்பும் இல்லை. பஞ்சு கொட்டுவதுபோல வில்லின் நாணை மயிர்க்குவியலில் அதிரவிட்டு உதிர்க்கிறார்கள். முதன்முறை கத்தரித்த குட்டியின் மயிர் மட்டும் மெத்தென்று இருக்கும், அதைத் தனியே வைப்பார்கள். நூற்ற பாவுக்குப் புளியங்கொட்டைக் கஞ்சி ஏற்றிக் குழித்தறியில் நெய்கிறார்கள். புதுக் கம்பளி பலகைபோல விறைத்து நிற்கும். மழையில் மேய்ப்பவன் தலையில் கூம்பாகக் கவிழ்த்துக்கொள்ள அந்த விறைப்பே உதவுகிறது. ஆண்டுகள் போகப்போகத்தான் அது துணியாக இளகும்.