அப்பா பேச்சைக் கேட்காத பிள்ளை



கடவுள் நம்பிக்கை போய்விட்டது என்றால் அதை வீட்டில் சொல்வதா, மறைப்பதா? எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் அழகா ஒரு வழி சொன்னார். "எதுக்குய்யா வம்பு? அம்மா விபூதியோட வந்தா நெத்தியைக் காட்டு. கோயிலுக்குக் கூப்பிட்டா கூடப் போ, சுண்டலாவது கிடைக்கும். மனசுல இருக்கறது மனசோட இருக்கட்டும்"னார். நீங்களும் கை தட்டினீங்க. நானும்தான் சிரிச்சேன். ஆனால் நடுவர் அவர்களே, இது ரொம்பப் பழைய யோசனை. 1838-லேயே இங்கிலாந்தில் ஒரு தகப்பனார் தன் மகனுக்கு இதைச் சொல்லிவிட்டார்.

தகப்பனார், ஷ்ரூஸ்பரி ஊரில் பெயர் பெற்ற டாக்டர் ராபர்ட் டார்வின். மகன், சார்லஸ் டார்வின். குரங்கிலிருந்து மனிதன் வந்தான்னு சொன்னவர் என்று நாம் ஒற்றை வரியில் முடித்துவிடுகிறோமே, அவரேதான். அப்போது அவருக்கு வயது 29. பாதிரியார் ஆவதற்காகக் கேம்பிரிட்ஜில் படித்தவர். பிறகு பீகிள் கப்பலில் ஏறி ஐந்து வருஷம் உலகம் சுற்றி 1836-ல் திரும்பினார். திரும்பி வந்தபின் வேதத்தின் மீதிருந்த நம்பிக்கை கொஞ்சம் கொஞ்சமாகக் கரையத் தொடங்கியது.

இந்த நேரத்தில் கல்யாணப் பேச்சு வருகிறது. பெண் யார்? சொந்தத் தாய்மாமன் மகள்! முறைப்பெண் நம்ம ஊர்ல மட்டும்தான்னு நினைச்சுக்காதீங்க. எம்மா வெட்ஜ்வுட், பீங்கான் பாத்திரத்துக்குப் பேர் போன வெட்ஜ்வுட் குடும்பத்துப் பெண். டார்வினைவிட ஒன்பது மாதம் மூத்தவர். பக்தி உள்ள பெண்.

அப்பா மகனைக் கூப்பிட்டுச் சொல்கிறார்: உன் சந்தேகங்களை எல்லாம் மனைவியிடம் சொல்லாதே, கவனமாக மறைத்து வை. ஏன் அப்படிச் சொன்னார்? அவர் டாக்டர். நூற்றுக்கணக்கான வீடுகளில் கட்டில் பக்கத்தில் நின்று பார்த்தவர். உடம்பு நன்றாக இருக்கிறவரை ஒன்றும் தெரியாது. புருஷன் படுக்கையில் விழுந்தால்தான், "ஐயோ, இவருக்கு மோட்சம் கிடைக்காதே" என்று மனைவி உருகிப் போவாள். அவள் உருகுவதைப் பார்த்து அவனும் உருகுவான். இதைக் கண்ணால் பார்த்துவிட்டுச் சொன்ன யோசனை அது. என் நண்பர் சுண்டலுக்காகச் சொன்னார். டாக்டர் அன்பால் சொன்னார். அதனால் அந்த அப்பாவை நான் குறை சொல்ல மாட்டேன்.

(ஒரு வேடிக்கை. என் ஆயுசிலேயே நம்பிக்கை இல்லாத பெண்கள் மூன்று பேரைத்தான் எனக்குத் தெரியும் என்றாராம் டாக்டர். யார் யார் என்று மகன் துருவிக் கேட்டால், அதில் ஒருத்திக்கு அவரிடம் சரியான ஆதாரமே இல்லை!)

பிள்ளை கேட்டாரா? கேட்கவில்லை. 1838 நவம்பர் 11-ல் சம்மதம் கேட்டார். அதே மாதத்திலேயே தன் சந்தேகங்கள் எம்மாவுக்குத் தெரியும்படி பேசிவிட்டார். ஒளிக்காமல் சொன்னதற்கு நன்றி சொல்லி எம்மா கடிதம் எழுதினார். இருக்கிறதிலேயே பெரிய விஷயத்தில் நம் இருவர் கருத்தும் விலகிப் போய்விடுமோ என்ற பயத்தையும் அதிலேயே எழுதினார். எனக்காக யோவான் சுவிசேஷத்தில் இயேசு தம் சீடர்களிடம் விடைபெறும் பகுதியைப் படித்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

தாய்மார்களே, அந்தப் பெண்ணின் பயம் என்ன என்பதை நாம் புரிஞ்சுக்கணும். எம்மாவுக்கு ஃபானி என்று ஒரு அக்கா. இரண்டு பேரும் எப்போதும் ஒன்றாகவே இருப்பார்கள். 1832-ல் 26 வயதில் ஃபானி போய்விட்டார். அக்காவை மேலே போய்ப் பார்ப்பேன் என்ற நம்பிக்கையில்தான் எம்மா மனசைத் தேற்றிக்கொண்டிருந்தார். இப்போது வரப்போகும் புருஷன் அந்த நம்பிக்கையில் பங்கு இல்லை என்கிறார். அப்படியானால் செத்த பிறகு இவர் எங்கே, நான் எங்கே? இது சடங்கு, சம்பிரதாயம் பற்றிய சண்டை இல்லீங்க. பிரிவு பற்றிய பயம்.

1839 ஜனவரி 29-ல் கல்யாணம். ஒரு சில வாரத்தில் எம்மா இன்னொரு கடிதம் எழுதுகிறார். ஒரே வீட்டில் இருக்கிற புருஷனுக்குக் கடிதம்! வாயால் பேச முடியாததைப் பேனாவால் பேசினார். நிரூபித்தால்தான் நம்புவேன் என்கிற விஞ்ஞானப் பழக்கம், நிரூபிக்க முடியாத விஷயங்களிலும் உங்களைப் பிடித்துக்கொள்கிறதோ என்று கேட்டார். நாம் என்றைக்கும் ஒருவருக்கொருவர் சொந்தம் இல்லை என்று நினைத்தால் எனக்குத் தாங்காது என்றார். அந்தக் கடிதத்தை டார்வின் சாகும்வரை வைத்திருந்தார். அதன் அடியில், இதைப் பலமுறை முத்தமிட்டு அழுதிருக்கிறேன், நான் போன பிறகு நீ தெரிந்துகொள் என்ற பொருளில் தன் கையால் எழுதி வைத்தார்.

"பார்த்தீங்களா, சொன்னதால்தானே இந்த அழுகை?" என்று எதிரணி கேட்பார்கள். ஆமாம், அழுகை வந்தது. நான் மறுக்கவில்லை. கூடவே வேறு என்ன வந்தது என்று பாருங்கள்.

1844-ல் டார்வின் தன் கொள்கையை ஒரு நீண்ட கட்டுரையாக எழுதி முடித்தார். திடீரென்று செத்துப்போனால் யார் அதை வெளியிடுவது? ஜூலை 5-ம் தேதி எம்மாவுக்கே கடிதம் எழுதினார். 400 பவுன் ஒதுக்கி, தகுந்த ஆளைப் பிடித்துப் பதிப்பிக்க வேண்டியது உன் பொறுப்பு என்றார். மதத்தையே ஆட்டிவைக்கப் போகிற கையெழுத்துப் பிரதியை மதப்பற்றுள்ள மனைவியின் கையில் கொடுக்கிறார்! எம்மா அதைப் படித்தார். கண் உருவான விதம் பற்றிய இடத்தில், இது பெரிய ஊகம் ஆச்சே என்று ஓரத்தில் குறிப்பும் எழுதினார். மறைத்து வைத்த வீட்டில் இது நடக்குமா?

1851 ஏப்ரலில் பத்து வயது மகள் ஆனி, மால்வெர்ன் என்ற ஊரில் சிகிச்சைக்குப் போன இடத்தில் இறந்துவிட்டாள். எம்மா நிறைமாத கர்ப்பிணி, போக முடியவில்லை. அப்பாதான் பக்கத்தில் இருந்தார். வீட்டில் எம்மாவுக்கு மறுபடி சந்திப்போம் என்ற ஆறுதல். டார்வினுக்கு அதுவும் இல்லை. ஒரே துக்கம், இரண்டு பேர், இரண்டு வழி. இந்த இடத்தில் எனக்கு வாதம் எதுவும் இல்லை நடுவர் அவர்களே, சொல்லிவிட்டு நகர்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பம் டவுன் கிராமத்துச் சர்ச்சுக்குள் போகும். பிற்காலத்தில் டார்வின் வாசலோடு பிரிந்து உலாவப் போய்விடுவார். 1861-ல் அவருக்கு உடம்பு ரொம்ப முடியாத நேரம், அப்பா பயந்த அதே நேரம், எம்மா மறுபடி ஒரு கடிதம் எழுதினார். துன்பத்தில் கடவுளைப் பற்றிக்கொள்ளுங்கள் என்று கேட்கிற கடிதம். அதற்கு அடியில் இந்த மனிதர் என்ன எழுதினார்? கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும் என்று எழுதினார்! தனக்காக இல்லை, அவளுடைய மொழியில் அவளுக்காக.

நேர்மையா ஒன்று சொல்லணும். டார்வின் தன்னை நாத்திகர் என்று சொல்லிக்கொள்ளவில்லை. 1879-ல் ஒரு கடிதத்தில், அறிய முடியாது என்பவன் என்பதே தனக்குப் பொருந்தும் என்றார். இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். 1876-ல் அவர் எழுதிய சுயசரிதையில், நம்பாதவர்களுக்கு நித்திய நரகம் என்ற போதனையைக் கடுமையாகக் கண்டித்திருந்தார். நம்பாதவர் பட்டியலில் அவர் அப்பாவும் அண்ணனும் வருகிறார்களே! அவர் போன பிறகு, இது அச்சில் வர வேண்டாம் என்றார் எம்மா. 1887 பதிப்பில் அது இல்லை. 1958-ல் பேத்தி நோரா பார்லோதான் முழுசாக வெளியிட்டார். எதிரணி இப்போ தாராளமா கை தட்டலாம். ஆனால் எம்மா தடுத்தது ஊருக்குச் சொல்வதை. தன்னிடம் சொன்னதற்கு அவர் நன்றிதான் சொன்னார்.

1882 ஏப்ரல் 19. எம்மா பக்கத்திலேயே இருந்தார். சாவதற்கு எனக்குக் கொஞ்சமும் பயம் இல்லை என்று அவரிடமே சொல்லிவிட்டுத்தான் டார்வின் கண்ணை மூடினார்.

33 வருஷம் கழித்து, 1915-ல், லேடி ஹோப் என்ற ஒரு அம்மையாரின் பெயரில் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் ஒரு கதை வந்தது. டார்வின் கடைசிக் காலத்தில் பைபிளும் கையுமாக இருந்தார், தன் கொள்கைக்காக வருந்தினார் என்று. ஊர் ஊராகப் பரவியது. எம்மா 1896-லேயே காலமாகிவிட்டார். 1922-ல் மகள் ஹென்ரியெட்டா பத்திரிகைக்கு எழுதினார்: அப்பாவின் மரணப் படுக்கையில் நான் இருந்தேன், அந்த அம்மாள் இல்லை, அப்பா எதையும் திரும்பப் பெறவில்லை. வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருந்ததால் அந்த மகளால் இதைச் சொல்ல முடிந்தது. 1838-ல் அப்பா சொன்னபடி மறைத்திருந்தால், அந்தக் கதையை ஹென்ரியெட்டாவே நம்பியிருப்பார்.

நடுவர் மணி அடிச்சிட்டாரு. எதிரணி நண்பருக்கு இன்னும் நேரம் இருக்கு, அவர் எந்த மாமன் மகளைக் கொண்டு வருகிறார் என்று பார்ப்போம்.